பதினொன்றாவது நிபந்தனை

சென்றாயன் ஒலி ஒளி அமைப்பகம், பாலக்கோடு.
கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சி
எல்லாவற்றுக்கும் அதே நான்கு பெட்டி,
அதே ஆம்ப்ளிஃபயர்.
யார் பேசினாலும் அதற்கு ஒரே சூடுதான்.

அனுமதி மனு, மூன்று நகல்.
இடம்: சந்தைத் திடல். நேரம்: ஐந்து முதல் எட்டு.
பேசும் பொருள் என்ற கட்டத்தில்
தீர்த்தகிரி 'தண்ணீர்' என்று எழுதினார்.
"எந்தத் தண்ணி?"
"குடிக்கிறது."
"அதுக்கென்ன?"
தீர்த்தகிரி சிரித்துக் காட்டினார்.
எங்கள் பக்கம் அது போதும்.
போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பற்கள்,
சுண்ணாம்பும் துருவும் மாறி மாறிப் பூசியது போல.
எழுத்தர் வெளியூர்க்காரர்,
வாயை மூடிக்கொண்டு முத்திரை குத்தினார்.

மூன்றாம் நாள் ஆணை வந்தது.
பதினோரு நிபந்தனை.
பத்து எனக்கு மனப்பாடம்.
ஆஸ்பத்திரிக்கு நூறு மீட்டர் தள்ளி,
கம்பத்தில் கொக்கி போடாமல்,
பஸ் திரும்ப வழி விட்டு.
நியாயம்தான்.
காய்ச்சல் குழந்தையை மடியில் போட்டபடி
அடுத்த தெரு மைக்கைச் சபித்தவன் நான்.
பதினொன்று:
அரசின் குடிநீர்த் திட்டங்களைக் குறைகூறிப் பேசுதல் கூடாது.

என் பெட்டியில் ஆறு திருகு.
வால்யூம், பாஸ், டிரபிள், எக்கோ, மைக் ரெண்டு.
குறை என்று போலீஸ் சொன்னால் குறைப்பேன்,
மீட்டரைக் காட்டினால் இன்னும் குறைப்பேன்.
வார்த்தையைக் குறைக்க ஒரு திருகு
எந்தக் கம்பெனியும் இதுவரை வைத்ததில்லை.

அன்று சாயங்காலம்
நாலு பக்கம் எழுதி வந்த பேச்சைத்
தீர்த்தகிரி பையிலேயே விட்டுவிட்டு
ஆணையை எடுத்துப் படித்தார்,
மொய் வாசிப்பது மாதிரி, ஏற்ற இறக்கமில்லாமல்.
பதினொன்றை மட்டும் இரண்டு தடவை.
பிறகு பள்ளிக்கூடப் பம்பில் பிடித்த பாட்டிலைத் திறந்து
ஒரு மடக்கு குடித்தார்.
முன்வரிசைப் பெண்கள்தான் முதலில் சிரித்தார்கள்.
அப்புறம் திடல் மொத்தமும்.
அத்தனை பல்லும் டியூப்லைட் வெளிச்சத்தில்.
இன்ஸ்பெக்டர் என் பிளக்கைப் பிடுங்கினார்.
சிரிப்பு நிற்கவில்லை,
அது கரண்டில் ஓடவில்லை.

ஏழு மாதம் என் ஆம்ப்ளிஃபயர்
ஸ்டேஷன் மாடிப்படிக்குக் கீழே, அரக்கு முத்திரையோடு.
தை போச்சு, மாசி போச்சு, வைகாசியும்.
தோட்டை அடகு வைக்கப் போகும்போது
கோவிந்தி கேட்டாள்: "பேசுனது நீயா?"
நான் பேசவில்லைதான்.

சென்னையில் பரிமளா வக்கீல் விரல் விட்டு எண்ணினார்.
பேசலாம் என்பது பத்தொன்பதாம் பிரிவு.
கூடாது என்று சொல்ல
எட்டே எட்டுக் காரணம், எழுதி வைத்தது,
அதற்கும் முன்னால் 'நியாயமான' என்று ஒரு சொல்.
அரசுக்கு மனவருத்தம் என்பது
அந்த எட்டில் எங்கேயும் இல்லை, அய்யா.

அரசு வக்கீல்: பொது ஒழுங்கு கெட்டது.
நீதிபதி: கல் விழுந்ததா?
இல்லை.
யாராவது ஓடினார்களா?
இல்லை.
என்னதான் செய்தார்கள்?
அரசு வக்கீல் காகிதத்தைப் புரட்டினார்.
சிரித்தார்கள்.

தீர்ப்பில் பத்து நிற்கிறது,
பதினொன்றின் மேல் ஒரு கோடு.
பெட்டி திரும்பி வந்தது.
முதுகில் வெள்ளை மையில் வழக்கு எண்,
உள்ளே எலி கடித்த ஒயர், ஒரு பக்கம் ஊமை.
பற்ற வைத்துச் சரிசெய்தேன்.
எண்ணை அழிக்கவில்லை. சோம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு அதே திடலில் ஒரு காதுகுத்து.
அலோ, மைக் டெஸ்டிங்.
ஒண்ணு, ரெண்டு, மூணு...
பத்தில் நிறுத்தினேன்.
டீக்கடைக்காரர் எதிர்ப்பக்கமிருந்து கத்தினார்:
"பதினொண்ணு சொல்லுய்யா!"
சொல்லிவிட்டு
பம்படியில் நிரப்பிய குடத்தை
அடுப்பில் சாய்த்தார்.
அதே தண்ணீர்.